பழைய காருக்குப் புது ரிமோட்: எட்டு முறை சாவி திருப்பிய கதை

என் ஜீன்ஸ் பாக்கெட்டில் கிடந்த கார் ரிமோட் துணியோடு துணியாக வாஷிங் மெஷினில் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது. எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தேன். மறுநாள் அழுத்திப் பார்த்தால் கார் திறந்தது. அட, பிழைத்துவிட்டதே என்று அதோடு அந்த விஷயத்தையே மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் அது செத்தது.

அன்றைக்கே அதைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. தண்ணீரால் மட்டும் ரிமோட் போவதில்லை. பேட்டரி உள்ளே இருக்கும்போது ஈரமும் சோப்பும் இருந்தால், அந்தச் சின்ன மின்னோட்டமே உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டில் உள்ள செம்புக் கோடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். நனைந்த ரிமோட்டில் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அப்புறம் போர்டை வெளியே எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவிட வேண்டும். நான் வெளிக்கூட்டை மட்டும் வெயிலில் காயவைத்தேன். உள்ளே ஈரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கார் 2001 மாடல் ஃபோர்டு. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சாவி தனி, ரிமோட் தனி. இரண்டும் ஒரே வளையத்தில் தொங்கும். அப்பாவிடம் ஒரு ரிமோட், என்னிடம் ஒன்று.

என்னுடையது நின்றதும் நான் செய்த முதல் வேலை அப்பாவின் ரிமோட்டை வாங்கி அழுத்தியது. அது வேலை செய்தது. பைசா செலவில்லாத இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை. இரண்டாவது ரிமோட் வேலை செய்தால் காரில் உள்ள ரிசீவர், ஃபியூஸ், பூட்டு மோட்டார்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு என் கையில் இருக்கும் ரிமோட்டில்தான். இரண்டுமே ஒரே நாளில் நின்றிருந்தால் நான் காரைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்: ஃபியூஸ் போயிருக்கலாம், கார் பேட்டரி பலவீனமாக இருக்கலாம். சிகரெட் லைட்டர் துளையில் செருகி வைத்திருக்கும் மலிவான மொபைல் சார்ஜர்கூடக் காரணமாக இருக்கலாம். அந்த வகைச் சார்ஜர்கள் சிலவற்றிலிருந்து கிளம்பும் இரைச்சல், ரிமோட்டின் மெல்லிய சிக்னலை ரிசீவருக்குக் கேட்காமல் செய்துவிடும். ரேஞ்ச் திடீரென்று குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சார்ஜரைப் பிடுங்கச் சொல்வேன்.

அடுத்தது பேட்டரி. இங்கே ஒரு ஏமாற்று உண்டு. மல்டிமீட்டரில் வைத்தால் பழைய பேட்டரியும் கிட்டத்தட்ட 3 வோல்ட் காட்டும், நல்லாத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ரிமோட் சிக்னல் அனுப்பும் நொடியில் கொஞ்சம் அதிக மின்சாரம் இழுக்கும்; அப்போது தேய்ந்த பேட்டரியின் வோல்டேஜ் சரிந்துவிடும். ஆகவே மீட்டரை நம்பாமல் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுப் பார்ப்பதே மேல். அளவை மட்டும் மாற்றிவிடக் கூடாது. சிஆர்2032 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. சிஆர்2025 அதே விட்டம், தடிமன் 2.5. கடைசி இரண்டு எண்கள்தான் தடிமன். 2032 போட வேண்டிய இடத்தில் 2025 போட்டாலும் பொருந்தியதுபோலவே இருக்கும், ஆனால் மேலே உள்ள தகடு சில சமயம் தொடும், சில சமயம் தொடாது. அந்தக் 'சில சமயம்' மனிதனைப் பைத்தியமாக்கிவிடும்.

புது பேட்டரி போட்டும் என் ரிமோட் அசையவில்லை. காரின் பக்கத்தில் நின்று பலமுறை அழுத்தினேன். அப்படி அழுத்தியதற்கும் காரணம் உண்டு. மிகப் பழைய ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பும். யாராவது பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பினால் கார் திறந்துவிடும். அதைத் தடுக்க வந்ததுதான் ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் ரோலிங் கோடு முறை. இதில் பிரபலமான கீலோக் 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவானது. 1995-இல் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. ரிமோட்டும் காரும் ஆளுக்கொரு எண்ணிக்கையை மனதில் வைத்திருக்கும். குழந்தை கையில் கிடைத்து வீட்டுக்குள்ளேயே சில தடவை அழுத்தினால் ரிமோட்டின் எண்ணிக்கை முன்னே போய்விடும், கார் பின்தங்கிவிடும். கீலோக்கில் 16 எண் வரை முன்னே போயிருந்தால் கார் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். அதற்கும் மேல் போயிருந்தால் அடுத்தடுத்து இரண்டு சரியான குறியீடுகள் வந்த பிறகுதான் நம்பும். முதல் அழுத்தலில் திறக்காத கார் இரண்டாவதில் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காரின் பக்கத்தில் நின்று இரண்டு மூன்று தடவை அழுத்திப் பாருங்கள் என்று மெக்கானிக்குகள் சொல்வது சும்மா இல்லை.

எனக்கு அதுவும் பலிக்கவில்லை. கூட்டைத் திறந்தேன். ஓரத்தில் ஒரு நாணயத்தை வைத்துத் திருகினால் இரண்டாகப் பிரியும். பேட்டரித் தகட்டின் அடியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. பென்சில் ரப்பரால் தேய்த்ததும் தகடு பளபளத்தது. ஆனால் சிப்புக்குப் பக்கத்தில் ஒரு செம்புக் கோடு இருந்த இடமே தெரியவில்லை. சாலிடரிங்கில் கை தேர்ந்தவர்கள் அங்கே ஒரு மெல்லிய கம்பியைப் பாலம்போல் வைத்துச் சரிசெய்திருப்பார்கள். எனக்கு அந்தக் கை இல்லை. சரி, புது ரிமோட் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் அவசரப்பட்டேன். ஆன்லைனில் தேடினேன். அதே வடிவம், அதே நான்கு பொத்தான்கள், அதே சிவப்பு நிற அலாரம் பொத்தான். என் காரின் பெயரும் விளம்பரத்தில் இருந்தது. வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். அப்பா பத்து நாள் வெளியூர் போயிருந்தார். அவருடைய ரிமோட்டும் அவர் பையில் போயிருந்தது. இது பின்னால் முக்கியமாகும்.

பழைய ஃபோர்டு கார்கள் பலவற்றின் கையேட்டில் உள்ள முறை இதுதான். முதலில் கதவில் உள்ள சுவிட்சால் பூட்டுகளைத் திறந்துவிட வேண்டும். சாவியைப் போட்டு, ஆஃப் நிலையிலிருந்து ஆன் நிலைக்கு 10 விநாடிக்குள் எட்டு முறை திருப்ப வேண்டும். எட்டாவது முறை ஆனிலேயே நிறுத்த வேண்டும். சரியாகச் செய்தால் எல்லாக் கதவுகளின் பூட்டுகளும் தாமாகவே ஒரு தடவை 'டக் டக்' என்று பூட்டித் திறக்கும். கார் கற்றுக்கொள்ளத் தயார் என்று அர்த்தம். அடுத்த 20 விநாடிக்குள் புது ரிமோட்டில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மறுபடியும் 'டக் டக்' கேட்டால் அந்த ரிமோட் பதிந்துவிட்டது. இன்னொன்று இருந்தால் அடுத்த 20 விநாடிக்குள் அதையும் அழுத்தலாம். முடிந்ததும் சாவியை ஆஃப் செய்தால் கடைசியாக ஒரு தடவை பூட்டுகள் அசைந்து விடைகொடுக்கும்.

படிக்கும்போது எளிதாக இருந்தது. முதல் தடவை நான் ஏழிலேயே நிறுத்திவிட்டதாகச் சொன்னான் தம்பி. எட்டு என்று நான் அடித்துச் சொன்னேன். இரண்டாவது தடவை அவன் சத்தமாக எண்ணினான். வேகத்தில் சாவி கொஞ்சம் அதிகமாகத் திரும்பி ஸ்டார்ட்டர் உறுமியது, இருவரும் திடுக்கிட்டோம். மூன்றாவது, நான்காவது தடவைகளில் எண்ணிக்கை சரியாக இருந்தும் பூட்டுகள் அசையவில்லை. தம்பிதான் கவனித்தான்: "அக்கா, நீ ஃபுல்லா ஆஃப்புக்கு வரல. நடுவுலயே நிறுத்திடுற."

அவன் சொன்னது சரி. ஆஃபுக்கும் ஆனுக்கும் நடுவில் ரேடியோவுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும் ஒரு நிலை உண்டு. அவசரத்தில் திருப்பும்போது கை அங்கேயே நின்று திரும்பிவிடுகிறது. கார் அதை ஒரு சுற்றாகக் கணக்கில் எடுப்பதில்லை. இந்த வேலையில் பாதிப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். ஒவ்வொரு திருப்பிலும் டாஷ்போர்டின் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும், எல்லாம் அணைய வேண்டும். எண்ணிக்கையைக் கையால் எண்ணாமல் விளக்குகளைப் பார்த்து எண்ணினால் தப்பாது. 10 விநாடி என்பது நினைப்பதைவிடத் தாராளமான நேரம், பறக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது தடவை 'டக் டக்' கேட்டது. தம்பி கைதட்டினான். நான் புது ரிமோட்டை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. வேறு பொத்தான், ஒன்றும் இல்லை. ஜன்னலை இறக்கி, ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்தியும் பார்த்தேன், ஏதோ மேலே போகிற விமானத்துக்குச் சைகை காட்டுவதுபோல. 20 விநாடி முடிந்து கார் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

அரை நாள் இப்படியே போனது. நான் செய்முறையில்தான் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தேன். உட்கார்ந்து யோசித்திருந்தால் விடை முதலிலேயே தெரிந்திருக்கும். பூட்டுகள் அசைந்துவிட்டன, கார் கற்றுக்கொள்ளும் நிலைக்குப் போய்விட்டது. அதாவது காரும் சரி, என் எண்ணிக்கையும் சரி. கார் கேட்கிறது, ஆனால் ரிமோட் பேசுவது அதன் காதில் விழவில்லை. இந்த இரண்டு வகைத் தோல்வியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வேலை பாதி முடிந்துவிடும். பூட்டு அசையவே இல்லை என்றால் செய்முறையைச் சந்தேகப்பட வேண்டும். பூட்டு அசைந்த பிறகும் ரிமோட் பதியவில்லை என்றால் ரிமோட்டை.

பழைய ரிமோட்டையும் புதியதையும் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். பழையதின் பின்புறம் பொடி எழுத்தில் எஃப்சிசி ஐடி (ரேடியோ கருவிகளுக்கு அமெரிக்க அரசு அமைப்பு தரும் அங்கீகார எண்) என்று ஒரு எண் இருந்தது. புதியதில் வேறு எண். அதைத் தேடிப் பார்த்ததில் விஷயம் விளங்கியது. என் கார் கேட்பது 315 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வந்திருந்த ரிமோட் பேசியது 433.92 மெகாஹெர்ட்ஸில். வட அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போன கார்களில் பெரும்பாலும் 315 இருக்கும், ஐரோப்பாவில் 433.92. ஒரே நிறுவனம், ஒரே கூடு, உள்ளே வேறு வேறு அலைவரிசை. எந்த நாட்டுச் சந்தைக்காகத் தயாரான கார் என்பதுதான் முடிவு செய்கிறது. விற்றவர் படத்தையும் கார் பெயரையும் மட்டும் பொருத்தியிருந்தார். நானும் அதையே பார்த்து வாங்கியிருந்தேன்.

அதன் பிறகு வடிவத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பழைய ரிமோட்டின் பின்புறத்தில் அல்லது பேட்டரியின் அடியில் உள்ள பார்ட் நம்பர், எஃப்சிசி ஐடி போன்ற அங்கீகார எண், அலைவரிசை, இந்த மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே பணம் கொடுக்கலாம். ரிமோட் தொலைந்தே போய்விட்டது, பார்த்துச் சொல்ல எதுவும் இல்லை என்பவர்கள் காரின் சேசிஸ் நம்பரைக் கொடுத்து உதிரிபாகக் கவுண்டரில் கேட்டால் பார்ட் நம்பர் எடுத்துத் தருவார்கள். அதை எழுதிக்கொண்டு வந்து வேறு எங்கு வேண்டுமானாலும் வாங்கலாம்.

இரண்டாவது ரிமோட் வந்தது. எட்டுத் திருப்பு, டக் டக், ஓர் அழுத்தல், டக் டக். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதற்காகவா ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தோம் என்று இருந்தது.

மூன்று நாள் கழித்து அப்பா ஊரிலிருந்து வந்தார். காரை எடுக்கப் போனவர் அங்கிருந்தே போன் செய்தார்.

"ஏம்மா, என் ரிமோட் வேலை செய்யலையே. பேட்டரி போயிடுச்சுன்னு புதுசு வாங்கிப் போட்டேன், அப்பவும் இல்ல."

எனக்கு உடனே உறைத்தது. கையேட்டில் ஒரு வரி இருந்தது: எல்லா ரிமோட்டுகளையும் ஒரே சமயத்தில் பதிய வேண்டும். ஏதோ சம்பிரதாயத்துக்குச் சொல்கிறார்கள் என்று தாண்டிப் போயிருந்தேன். இந்தக் கார்களில் புதிதாக ஒரு ரிமோட்டைப் பதிந்தால் நினைவில் உள்ள பழைய ரிமோட்டுகள் எல்லாம் அழிந்துவிடும். அப்பாவின் ரிமோட்டில் எந்தக் கோளாறும் இல்லை. கார் அவரை மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

"அப்போ கார் ஸ்டார்ட் ஆகாதா?" என்று கேட்டார் அப்பா. குரலில் பதற்றம்.

பலருக்கும் இருக்கும் குழப்பம் இது. ரிமோட் கதவைத் திறக்கிற வேலையை மட்டும் பார்க்கிறது. எஞ்சினைக் கிளம்ப விடுவது வேறொரு ஏற்பாடு: சாவியின் தலையில் பிளாஸ்டிக்குக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரியே கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள்தான் அதற்கு மின்சாரம் ஊட்டி, 125 அல்லது 134 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் அதன் எண்ணைப் படிக்கிறது. எண் பொருந்தினால்தான் எஞ்சின் ஓடும். 1990-களின் நடுவிலிருந்து கார்களில் பரவலாக வந்தது இது. எங்கள் காரில் இந்த இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ரிமோட் அழிந்தாலும் சாவி வேலை செய்யும். புது ரிமோட்டைப் பதிந்ததால் புது சாவி பதிந்துவிடாது. "சாவியால கதவைத் திறந்து ஸ்டார்ட் பண்ணுங்கப்பா, ஓடும்" என்றேன். ஓடியது.

அன்று மாலை இரண்டு ரிமோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு மறுபடி எட்டு முறை திருப்பினேன். ஒன்றை அழுத்தி, டக் டக் கேட்டதும் மற்றதை அழுத்தினேன். முடிந்தது.

அப்போதுதான் வேறொன்று தோன்றியது. இந்தக் காரின் நினைவில் நான்கு ரிமோட்டுகளுக்கு இடம் உண்டு. அப்பா வாங்கியபோது அவர் கைக்கு வந்தவை இரண்டு. காரின் முந்தைய உரிமையாளரிடம் மூன்றாவது ஒன்று இருந்ததா, யாருக்குத் தெரியும்? இருந்திருந்தால் அதுவும் இப்போது அழிந்திருக்கும். பழைய கார் வாங்குகிற யாருக்கும் இதை நான் சொல்வேன்: ரிமோட் நன்றாக வேலை செய்தாலும் வாங்கிய முதல் வாரத்திலேயே இருப்பவற்றை மறுபடி பதிந்துவிடுங்கள். தொலைந்துபோன ரிமோட் யார் கையிலாவது கிடைத்திருக்குமோ என்ற பயத்துக்கும் இதுவே மருந்து.

எல்லாக் காரும் இப்படியில்லை. பழைய டொயோட்டாக்களில் சேர்ப்பது வேறு, அழித்து எழுதுவது வேறு. சாவியையும் கதவையும் வைத்துச் செய்கிற ஒரு நீண்ட சடங்குக்குப் பிறகு இக்னிஷனை ஒரு தடவை ஆன் செய்து அணைத்தால் பழையவை இருக்க, புதியது சேரும், இரண்டு தடவை செய்தால் பழையவை அழியும். பூட்டுகள் எத்தனை முறை அசைகின்றன என்பதைப் பார்த்து எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். கார் எண்ணிக் காட்டுவதை நாமும் எண்ண வேண்டும். பழைய ஹோண்டாக்களில் இக்னிஷனை ஆன் செய்து, ரிமோட்டின் லாக் பொத்தானை அழுத்தி, ஆஃப் செய்வதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே என் எட்டைக் கொண்டுபோய் வேறு காரில் திருப்பிப் பார்க்க வேண்டாம். அந்த வருடத்து மாடலின் கையேடு எதைச் சொல்கிறதோ அதுதான். சாவியும் ரிமோட்டும் ஒரே கூட்டில் இருக்கிற கார்கள் பலவற்றில் இந்தக் கைவைத்தியமே கிடையாது. ஸ்கேனர் வைத்திருக்கும் சாவி நிபுணரிடம்தான் போக வேண்டும். அப்படிப் போகும்போது வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் கூடவே எடுத்துப் போங்கள்.

அந்த ஒரே கூட்டு வகையில் தம்பியின் நண்பன் ஒருவன் பட்டது தனி. கூடு உடைந்துவிட்டது என்று புதுக் கூடு வாங்கி, போர்டையும் பேட்டரியையும் மாற்றிப் போட்டான். கதவு அழகாகத் திறந்தது, கார் கிளம்பவில்லை. பழைய கூட்டின் மூலையில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்பாக ஒரு துண்டு ஒட்டியிருந்ததை அவன் பிளாஸ்டிக் சில்லு என்று நினைத்துக் கூட்டோடு குப்பையில் போட்டிருந்தான். அதுதான் அந்த சிப். நல்லவேளை, குப்பை இன்னும் வீட்டு வாசலிலேயே இருந்தது.

வேறு காரில் ஓடிய பழைய ரிமோட்டை மலிவாக வாங்குவதிலும் கவனம் வேண்டும். தனி ரிமோட்டுகள் பலவற்றை வேறு காருக்கு மாற்றிப் பதியலாம். ஆனால் சாவியோடு சேர்ந்த சில வகைகள் முதல் காரோடு பூட்டிக்கொள்ளும், அடுத்த காரை ஏற்காது. இன்னொன்று, உங்கள் ரிமோட் உண்மையிலேயே கார் நிறுவனத்துடையதா என்றும் பாருங்கள். முந்தைய உரிமையாளர் யாராவது வெளிக்கடையில் அலாரம் பொருத்தியிருந்தால், ரிமோட்டில் கார் நிறுவனத்தின் முத்திரை இருக்காது. டாஷ்போர்டின் அடியில் எங்காவது ஒரு சின்னப் பொத்தான் ஒளிந்திருக்கும். அப்படிப்பட்ட காரில் இக்னிஷனை ஆயிரம் தடவை திருப்பினாலும் காரின் கையேடு உதவாது, அந்த அலாரத்தின் கையேடுதான் வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது எல்லாம் சரியாக ஓடுகிறது. பார்ட் நம்பரையும் அலைவரிசையையும் ஒரு தாளில் எழுதிக் கையேட்டின் உள்ளட்டையில் ஒட்டிவிட்டேன். புது ரிமோட்டில் டிக்கி பொத்தான் மட்டும் ஒரு தடவை அழுத்தினால் திறக்கவில்லை, இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. இதிலும் ஏதோ கோளாறு என்று மறுபடி கூட்டைத் திறக்க நாணயத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு தடவை அமுக்கணும்னுதாம்மா போட்டிருக்கான்." இத்தனை வருடமும் அவர் டிக்கியைச் சாவி போட்டுத்தான் திறந்துகொண்டிருந்தார்.